வெளிச்சத்தின் விலை: ஒரு வில்லையின் வரலாறு

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தம்பியின் மகள் தொலைபேசியில் அழைத்திருந்தாள். அலுவலக வேலை போக, வார இறுதிகளில் நடன அரங்கேற்றங்களையும் திருமணங்களையும் படம்பிடிப்பவள் அவள். "பெரியப்பா, மண்டபத்தில பிளாஷ் போடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். பின்வரிசையில நிண்டுதான் எடுக்கவேணுமாம். எந்த டெலி சூம் வாங்கினா நல்லது?" என்று கேட்டாள்.

செய்தி எழுதுவது என் தொழில், படம் பிடிப்பதன்று. ஆயினும் மாகாண நிருபராக இருந்த காலத்தில் பேனையோடு கமெராவையும் சுமக்கவேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு வில்லையின் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். எனினும் இக்கேள்விக்கு நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதே கேள்விக்கு நானே ஒருமுறை தவறான விடையைத் தெரிவுசெய்து, இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

ஒரே மனிதரின் இரு கொடைகள்

புகைப்படக் கலையின் முதற் பகை இருள்தான். 1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசெஃப் பெற்ஸ்வால் கணித்து வடிவமைக்க, ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் செய்து வெளியிட்ட உருவப்பட வில்லை, அதற்கு முன்பிருந்தவற்றைக் காட்டிலும் பலமடங்கு ஒளியை உள்ளே விட்டது. நிமிடக்கணக்கில் அசையாது அமர்ந்திருந்த மனிதருக்கு அதனால் சிறிது விடுதலை கிடைத்தது. விடுதலை முழுமையானதன்று. நம் நாட்டில் தமது இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1879இல் மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ்செய்யப்பட்ட ஜூலியா மார்கரட் கமரன் அம்மையாரின் புகழ்பெற்ற உருவப்படங்களை நினைத்துப்பாருங்கள். அப்படங்களின் மென்மையான மங்கலுக்கு, பெரிய கண்ணாடித் தட்டுகளில் நிமிடக்கணக்கில் ஒளி விழவிட்ட நீண்ட காத்திருப்பும் ஒரு காரணம். 1866க்குப் பின்னர் அவர் கையாண்ட பெரிய வில்லை லண்டன் டால்மேயர் நிறுவனத்தினுடையது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

இருளை வெல்ல இரு வழிகள் இருந்தன. ஒன்று, நாமே வெளிச்சத்தைக் கொண்டுசெல்வது. மற்றது, இருக்கும் வெளிச்சத்தை மேலும் அதிகமாக அள்ளுவது. 1887இல் ஜேர்மனியில் அடோல்ஃப் மீத்தே, யொஹன்னஸ் காடிக்கே என்னும் இருவர் மக்னீசியத்துடன் பொட்டாசியம் குளோரேற்று முதலியவற்றைக் கலந்து, தீயிட்டதும் கண நேரத்தில் பளீரென எரியும் தூளை உருவாக்கினர். 'பிளாஷ்' என்று நாம் இன்று அழைப்பதன் மூதாதை இதுவே.

நான்கு ஆண்டுகளின் பின், 1891இல், அதே மீத்தே பேர்லினிலும், அடோல்ஃப் ஸ்ரைன்ஹைல் மியூனிச்சிலும், மேலே குறிப்பிட்ட டால்மேயரின் மகன் தோமஸ் டால்மேயர் லண்டனிலும், ஒருவரையொருவர் சாராது தொலைப்பட வில்லையைக் கண்டறிந்தனர். முன்னால் ஒளியைக் குவிக்கும் ஒரு தொகுதி, பின்னால் அதனைச் சற்று விரிக்கும் இன்னொரு தொகுதி. இதனால், நீண்ட குவியத் தூரம் கொண்ட வில்லையைக் குறுகிய குழாய்க்குள் அடக்க முடிந்தது. தூரத்து மனிதர் அருகே வந்தார்.

அருகுப் பொருளுக்கு வெளிச்சத்தையும், தூரத்துப் பொருளுக்கு அண்மையையும் ஒரே மனிதர் தந்தார். ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேரமாட்டா. ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவது. பத்து மீற்றரில் போதுமான பிளாஷ், இருபது மீற்றரில் கால்பங்காகிவிடும். அக்காலத் தொலைப்பட வில்லைகளோ மிக இருண்டவை. பட்டப்பகலில் மலையுச்சிகளையும் கோபுரங்களையும் எடுக்கவே பொருத்தமானவை. தூரத்தில், இருளில், அசையும் ஒரு மனிதரை எடுக்க இரண்டில் எதுவும் உதவாது. புகைப்படக்காரரின் பிற்காலத் தவம் முழுவதும் இந்த இடைவெளியை நிரப்புவதற்கே செலவாயிற்று.

டிரெஸ்டன் இளைஞர்

அந்த இடைவெளியில் முதற் பாலத்தைக் கட்டியவர் லுட்விக் பேர்ட்டலே. 1900இல் பிறந்த அவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே டிரெஸ்டன் நகரின் எர்னெமான் நிறுவனத்துக்காக 'எர்னொஸ்டார்' என்ற வில்லையை வடிவமைத்தார். குவியத் தூரம் 100 மில்லிமீற்றர். துவாரம் எஃப் 2. அதனைத் தாங்கிய சிறிய 'எர்மனொக்ஸ்' கமெரா 1924இல் வெளிவந்தது. கண்ணால் காண முடிந்ததை இக்கமெராவால் படம்பிடிக்கலாம் என்பதே நிறுவனத்தார் செய்த விளம்பரத்தின் சாரம்.

'எஃப்' என்பதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது அவ்வெண். எண் சிறிதாக, வாசல் பெரிதாகும். 200 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 5.6 வேண்டுமானால் வாசலின் விட்டம் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் போதும். எஃப் 2.8 வேண்டுமானால் 71 மில்லிமீற்றர் வேண்டும். விட்டம் இருமடங்கு, பரப்பு நான்கு மடங்கு, ஒளியும் நான்கு மடங்கு. எடையும் விலையும் ஏறுவதன் இரகசியம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் பேராசை பிடித்தவர் என்று எண்ணவேண்டாம். கண்ணாடியின் பரப்புக்கே நாம் பணம் செலுத்துகின்றோம்.

எர்மனொக்ஸைக் கையில் எடுத்து உலகுக்கு அதன் பயனைக் காட்டியவர் எரிக் சாலமன். சட்டம் பயின்ற பேர்லின்வாசி; நாற்பது வயதுக்குப் பின்னரே கமெராவைத் தொட்டவர். 1928இல் பேர்லின் நீதிமன்றத்தில், படம்பிடிக்கத் தடை இருந்தபோதும், தொப்பிக்குள் கமெராவை ஒளித்துவைத்து எடுத்தார். பின்னர் ஜெனீவா, ஹேக் மாநாடுகளுக்குள் நுழைந்தார். 1930 ஜனவரியில் ஹேக் நகரில், நள்ளிரவு கடந்த வேளையில், களைத்துச் சாய்வு நாற்காலிகளில் விழுந்துகிடந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் பத்திரிகைத் துறையினர் அனைவரும் கண்டிருக்கவேண்டிய ஒன்று. பிளாஷ் தூளின் புகையும் ஓசையும் அங்கே எழுந்திருந்தால் அமைச்சர்கள் நிமிர்ந்து அமர்ந்திருப்பர், அப்படமே கிடைத்திராது. இருக்கும் வெளிச்சத்தில் எடுப்பதன் பொருள் அங்கேதான் விளங்குகிறது. பிளாஷ் நிகழ்வை மாற்றிவிடும். பெரிய வாசல் கொண்ட வில்லை நிகழ்வை நிகழவிட்டுப் பார்க்கும்.

சாலமன் யூதர். நெதர்லாந்தில் தலைமறைவாக வாழ்ந்தபோது காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். வல்லவர்கள் தம்மை மறந்திருந்த கணங்களை உலகுக்குக் காட்டிய அம்மனிதரின் இறுதிக் கணங்களைக் காட்ட எந்தக் கமெராவும் இருக்கவில்லை.

டிரெஸ்டனிலிருந்து டோக்கியோவுக்கு

எர்னெமான் 1926இல் சைஸ் ஐக்கோன் நிறுவனத்துடன் இணைந்தபோது பேர்ட்டலேயும் அங்கு சென்றார். எர்னொஸ்டாரின் வழித்தோன்றலாக 'சொன்னார்' பிறந்தது. 1936 பேர்லின் ஒலிம்பிக் விளையாட்டுகளையொட்டி வந்த 180 மில்லிமீற்றர், எஃப் 2.8 வில்லை 'ஒலிம்பியா சொன்னார்' என்றே பெயர் பெற்றது. தூரமும் வெளிச்சமும் ஒரே குழாய்க்குள் கைகோத்தமைக்கு அது ஒரு முக்கிய சான்று.

அடுத்த திருப்பம் டோக்கியோவில். 1950ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 'லைஃப்' சஞ்சிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் அங்கிருந்தார். யூன் மிக்கி என்ற யப்பானியப் படப்பிடிப்பாளர் 85 மில்லிமீற்றர், எஃப் 2 நிக்கோர் வில்லையொன்றினால் டங்கனை மங்கிய வெளிச்சத்தில் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அதன் கூர்மை டங்கனைத் திகைக்கவைத்தது. அவ்வில்லையும் சொன்னார் வடிவமைப்பைத் தழுவியதே. உடனே நிப்பொன் கோகாக்கு தொழிற்சாலைக்குச் சென்று தமது லைகா கமெராக்களுக்கு அவ்வில்லைகளை வாங்கிக்கொண்டார். ஜூன் 25இல் கொரிய யுத்தம் மூண்டது. போர்முனையிலிருந்து அவர் அனுப்பிய படங்களால், யப்பானியப் பொருள் என்றால் மலிவுச் சரக்கு என்று எண்ணியிருந்த மேற்குலகப் பத்திரிகையாளர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர்.

சூம் ஏன் காத்திருந்தது?

இதுவரை சொன்னவை அனைத்தும் ஒரே குவியத் தூரம் கொண்ட வில்லைகள். நின்ற இடத்திலிருந்தே கிட்டவும் எட்டவும் பார்க்கும் சூம் வில்லை, திரைப்படத் துறையில் 1930களிலேயே இருந்தது. புகைப்படக் கமெராவுக்கு 1959இல்தான் வந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஃபிராங்க் பாக் வடிவமைத்த 'சூமார்', 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை, எஃப் 2.8. அதே காலகட்டத்தில் நிக்கோன் நிறுவனம் 85 முதல் 250 மில்லிமீற்றர் வரையிலான தொலைப்பட சூம் ஒன்றை எஃப் 4 முதல் 4.5 வரையான துவாரத்துடன் வெளியிட்டது.

இத்தாமதத்துக்குக் காரணம் உண்டு. சூம் வில்லைக்குள் பல கண்ணாடித் துண்டுகள் முன்னும் பின்னும் நகரவேண்டும். காற்றிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் ஒளி கடக்கும் ஒவ்வொரு முகப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு தெறித்து வீணாகும். முப்பது முகப்புகள் இருந்தால் நூற்றுக்கு எழுபது பங்கு போய்விடும். தெறித்த ஒளி படத்தையும் வெளுக்கச் செய்யும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா கண்ணாடியின்மேல் மெல்லிய படலம் பூசித் தெறிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். 1970களில் பல படலங்களைப் பூசும் முறை பரவியது. அதன் பின்னரே சூம் வில்லை தலைநிமிர்ந்தது. நிறப்பிசகைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி வகைகளும், நூற்றுக்கணக்கான கணிப்புகளை நொடியில் முடிக்கும் கணினியும் துணைநின்றன.

1982இல் நிக்கோன் வெளியிட்ட 80 - 200 மில்லிமீற்றர் சூம், முழு வீச்சிலும் எஃப் 2.8 துவாரத்தைக் காத்தது, எடை 1.9 கிலோகிராம் அளவில். 1989இல் கனொன் அதே வீச்சில் தானாகக் குவியம் பிடிக்கும் ஒன்றைத் தந்தது. 1995இல் அது 70 - 200 ஆயிற்று. 2001இல் கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பும் அதனுள் புகுந்தது. ஈராண்டுகளில் நிக்கோனும் அவ்வாறே செய்தது. அவ்வில்லையில் 21 கண்ணாடித் துண்டுகள், 15 தொகுதிகளாக. முகப்புகளை எண்ணினால் முப்பது! படலப் பூச்சு இல்லாதிருப்பின் அவ்வில்லை இருட்டறையாகவே இருந்திருக்கும்.

இனி என் கதை

1979ஆம் ஆண்டு. வடமராட்சிக் கிராமமொன்றின் கோயில் வெளிவீதியில் காத்தவராயன் கூத்து. விடிய விடிய நடக்கும் கூத்து. பழுத்த வயதினரான அண்ணாவியார் ஒருவர், பல ஆண்டுகள் பிறரைப் பழக்குவதோடு நின்றுவிட்டவர், அன்று தாமே வேடம் கட்டி ஆடப்போகிறார் என்ற செய்தி வந்தது. ஞாயிறு இதழுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த படப்பிடிப்பாளர் ஒருவரிடம் புதிதாக வந்திருந்த 80 - 200 சூம் ஒன்றை இரவல் வாங்கினேன். எஃப் 4.5. அதன் நீளமும் மினுக்கமும் என்னை மயக்கிவிட்டன. எங்கள் அலுவலக அலுமாரியில் பழைய 85 மில்லிமீற்றர், எஃப் 2 வில்லை ஒன்றும் கிடந்தது. பித்தளை தெரியத் தேய்ந்துபோனது. அதனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தேன். அந்தக் கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பெற்றோமாக்ஸ் விளக்குகளின் ஒளியில் ஆட்டம். சனத்துக்கு இடைஞ்சல் செய்யாது, 25 மீற்றர் பின்னால், மதிலோரம் நின்றேன். 400 வேகப் பிலிம். ஒளிமானி காட்டியது 1/15 செக்கன். 200 மில்லிமீற்றர் வில்லையைக் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/200 செக்கன் வேண்டும் என்பது தொழிலில் உள்ளோரின் பொதுவிதி. ஒரு சுருள் முழுவதும் எடுத்தேன். பின்னர் பயம் பிடித்து பிளாஷையும் மாட்டினேன். என் பிளாஷின் எட்டுதூரம் 12 மீற்றர்.

மறுநாள் இருட்டறையில் பிலிம் கழுவிப் பார்த்தபோது கிடைத்தவை இரு வகை. முதல் வகையில் அண்ணாவியார் ஒரு வெண்புகைக் கோடு. இரண்டாம் வகையில் முன்னால் இருந்தோரின் பிடரிகள் வெள்ளை வெளேரென்று. அவற்றுக்கு அப்பால் கும்மிருட்டு. அரைப்பக்கத்தைப் படமின்றி எழுதி நிரப்பினேன்.

ஐந்து மாதங்களில் அண்ணாவியார் காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். "ஐயா, அப்பு வேசத்தோட நிக்கிற படம் உங்களிட்டத்தான் இருக்குமெண்டு சொல்லிச்சினம்" என்றார். நான் அந்தப் புகைக்கோட்டைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கல்வெட்டில் தேசிய அடையாள அட்டைப் படமே வந்தது. அறுபது ஆண்டு ஆடிய மனிதர், அசையாது நேரே பார்த்தபடி.

பின்னாளில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எஃப் 4.5இலிருந்து எஃப் 2க்குச் சென்றால் ஒளி ஐந்து மடங்கு. 1/15 செக்கன் 1/75 ஆகியிருக்கும். 85 மில்லிமீற்றருக்கு அது ஏறத்தாழப் போதுமானது. முன்வரிசைச் சிறுவர்களோடு மணலில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தால் படம் கிடைத்திருக்கும். டங்கனை வியக்கவைத்த வகை வில்லை என் அலுமாரியில் கிடந்தது. நானோ 'எவ்வளவு தூரம்' என்று கேட்டேனேயன்றி, 'எவ்வளவு வெளிச்சம்' என்று கேட்கவில்லை.

அந்தப் பாடம் பின்னர் எங்கள் ஊரில் பலருக்கும் கட்டாயமாயிற்று. 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்பட்டியலில் இருந்தமையால் பிளாஷ் என்பது பெயரளவில்தான். ஜாம் போத்தல் விளக்கொளியில் படித்த பிள்ளைகளையும், மண்ணெண்ணெய் விளக்கடியில் நடந்த திருமணங்களையும் எடுத்தவர்கள், கமெராவோடு வந்த 50 மில்லிமீற்றர் சாதாரண வில்லையையே நம்பினார்கள். அதன் வாசல் பெரிது என்பதே காரணம்.

பெறாமகளுக்குச் சொன்னவை

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின், "சரி பெரியப்பா, இப்ப நான் எதை வாங்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி.

முதலாவது: வீச்சு முழுவதும் எஃப் 2.8 தருகின்ற 70 - 200 வகையே மண்டபத்துக்கு உரியது. எஃப் 4 முதல் 5.6 வரை என்று எழுதியிருக்கும் 70 - 300 வகை, நீட்ட நீட்ட இருண்டுபோகும். அது பகல்வெளிச்சத்துக்கான பண்டம். தானாகக் குவியம் பிடிக்கும் அமைப்பும் பெரிய வாசலில் உறுதியாக வேலைசெய்யும்.

இரண்டாவது: கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பை அளவுக்கு மீறி நம்பாதே. அது உன் கையின் அசைவை நிறுத்தும். ஆடுபவளின் கையை நிறுத்தாது. அடவு பிடிக்க 1/250 செக்கனாவது வேண்டும். அதைத் தருவது ஒளி மட்டுமே.

மூன்றாவது: காலம் உனக்குக் கனிந்திருக்கிறது. 2007இல் வந்த நிக்கோன் டி3, 6400 வேகத்தில் பத்திரிகைக்கு ஏற்ற படங்களைத் தந்தபோது நாங்கள் நம்ப மறுத்தோம். இன்றைய கமெராக்கள் அதனையும் தாண்டிவிட்டன. ஆகவே எஃப் 4 சூம் ஒன்றும் ஓரளவு வெளிச்சமான மண்டபத்தில் பயன்படும்; எடையும் விலையும் குறைவு. எஃப் 2.8 வில்லைகளும் இளைத்திருக்கின்றன. 2019இல் வந்த கனொன் ஆர்.எஃப். 70 - 200 வில்லை 1,070 கிராம். 2020இல் டாம்ரோன் வெளியிட்ட 70 - 180 வில்லை 810 கிராம். நடுக்கம் தணிக்கும் அமைப்பு பின்னதில் இல்லை. கமெரா உடலில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இரண்டாங்கையாக வாங்கும் பழைய எஃப் 2.8, புதிய எஃப் 5.6ஐக் காட்டிலும் மேல். வாங்குமுன் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று கைவிளக்கடித்துப் பார்.

நான்காவது: பணம் போதாவிட்டால் கடன்படாதே. 85 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையொன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். எஃப் 2.8ஐக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் ஒளி தரும். அரங்கேற்றத்துக்கு முன்னரே ஆசிரியையிடம் பேசி, மேடையின் பக்கவாட்டில், எவர் கண்ணையும் மறைக்காத ஓரிடத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள். நல்ல இடத்தைக் கேட்பதற்குச் செலவில்லை. நான் அன்று கேட்கவில்லை.

அவள் இரண்டு நாள் யோசித்து, 85ஐ வாங்கிவிட்டு, சூமுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருப்பதாகச் செய்தி அனுப்பினாள். சென்ற ஞாயிறு ஒரு படமும் வந்தது. மேடை விளக்கு மங்கியிருக்கும் நேரம். பதினான்கு வயதுப் பிள்ளையொன்று அலாரிப்பு தொடங்குமுன் கைகூப்பி நிற்கிறாள். கண்மை தெரிகிறது. நெற்றியில் அரும்பிய வியர்வையும் தெரிகிறது.

அப்படத்தை அச்சிட்டு வைத்திருக்கிறேன். அண்ணாவியாரின் புகைக்கோடும் என்னிடம்தான் இருக்கிறது. 1979இலிருந்து எத்தனையோ இடப்பெயர்வுகளில் எத்தனையோ நல்ல படங்களை இழந்துவிட்டேன். அது மட்டும் எப்படியோ என்னோடு வந்துகொண்டேயிருக்கிறது.